நடு ஏரியில் இடுப்பளவு

வரைபடத்தில் அது ஓர் அவரை விதை.
அதன் குறுக்கே ஒரு கோடும் புள்ளியும்
ஒரு கோடும் புள்ளியும்.
தெற்கே சேலம், வடக்கே தருமபுரி.
நீல மை தடவிய இடத்தின் நடுவில்
யாரோ போட்டுவைத்த சின்னச் சதுரம்:
கல் எண் பதினான்கு.

மீன் குத்தகை எடுத்தவர்கள் இரண்டு பேர்.
இரண்டு பேரிடமும் ரசீது.
ஒரே கெண்டை, பனி விலகும்வரை சுப்பராயலுவுக்கு,
வெயில் பட்டு நகர்ந்தால் தீர்த்தகிரிக்கு.
மண்டை உடைந்து தையல் போட்ட பிறகுதான்
தாலுகாவுக்கு எங்கள் ஞாபகம் வந்தது.

கிளம்பும்போது விசிறி தேவைப்பட்டது.
மலையடியில் வெள்ளைக்கல் சுரங்கம் கண்ணைக் கூசியது.
பதினோராவது வளைவில் காது அடைத்தது.
இருபதாவதில் நான் ஜீப்பை நிறுத்தச் சொன்னதைப் பற்றி
எழுத வேண்டியதில்லை.

நாகலூருக்கு அப்பால் காப்பிச் செடி முடிகிறது.
மண் சிவக்கிறது.
சில்வர் ஓக் மரங்களில் யாரும் கூப்பிடாமலே
மிளகு ஏறிக்கொண்டிருக்கிறது.
புல் வழுக்கும் ஒரு சரிவு, அதன் மேல் இன்னொன்று,
பிறகு திடீரென்று கீழே
ஏரி.

அழகு என்று சொல்ல வாயெடுத்தேன்.
"அட்டை, மேடம். கால்ல" என்றான் கரிராமன்.

அந்த ஏரிக்கு இரண்டு வாய்.
தெற்கு வாயில் வழிந்தால் திருமணிமுத்தாறு,
காவிரி, பூம்புகார்.
வடக்கு வாயில் வழிந்தால் வாணியாறு,
தென்பெண்ணை, கடலூர்.
எது தாழ்வு என்று மட்டம் பிடித்தேன்.
வடக்கு. நான்கு விரற்கடை.
"போன ஐப்பசியில தெக்கதான் போச்சு.
அப்புறம் காட்டெருமை எறங்கி மிதிச்சுது"
என்றான் அவன், சங்கிலியைச் சுற்றிக்கொண்டே.
நான்கு விரற்கடையை மீண்டும் பார்த்தேன்.
குளம்பு பதிந்த சேற்றில்
ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

மேட்டூரிலிருந்து வேனில் வந்த பரிசல்.
கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு.
ஒன்பது அடி. பதினொன்று. பதினான்கு.
பதினான்கு. எழுதிக்கொண்டே வந்தேன்.
பிறகு ஏழு.
பிறகு குண்டு எதிலோ மோதி
டங் என்றது.

கரிராமன் சட்டையைக் கழற்றிக் குதித்தான்.
குமிழ்கள்.
குமிழ்களும் நின்றன.
பரிசல்காரர் பச்சியண்ணன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார், நான் ஏதோ
பதில் சொல்ல வேண்டியவள் போல.

அப்போது அவன் எழுந்தான்.
நீந்தவில்லை. நின்றான்.
சுற்றிலும் பதினான்கு அடித் தண்ணீர்,
அவனுக்கு இடுப்பளவு.
பனி வந்து கரையை எடுத்துக்கொண்டு போனது.
மலை இல்லை, ஜீப் இல்லை, ஆர்.ஐ.யின் குடை இல்லை.
ஏரி நடுவே ஒரு மனிதன்
பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போல.

"பாறை முதுகு மேடம். நீளமாப் போவுது,
ரெண்டு பக்கமும் சரிவு."

அப்போதுதான் அந்தக் கோடு எனக்குப் புரிந்தது.
கல் நட்ட நாளில் இங்கே ஏரி இல்லை.
ஒரு முகடு இருந்தது.
மழை அதன் மேல் விழுந்து
இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரிந்தது.
கோடு போட்டவர் தண்ணீரைத்தான் கேட்டிருக்கிறார்.
பிறகு ஒரு தோட்டக்காரர் இரு பக்கமும் கரை எழுப்ப,
முகடு மூழ்கியது.
கோடு மட்டும் காகிதத்தில்
நனையாமல் இருந்துவிட்டது.

"கல் இருக்கா?"
"இருக்கு. சாஞ்சிருக்கு."
"எந்தப் பக்கம்?"
காலால் தடவிப் பார்த்தான். உதடு நீலம்.
"ஒரு கால் குளிருது, ஒரு கால் அவ்வளவா இல்ல.
அத எழுதலாமா?"

கல் பதிவேட்டில் எழுதினேன்:
எண் 14. உள்ளது. சாய்வு.
குறிப்புக் கலத்தில் பேனா நின்றது.
மை பரவி, ஏரியைவிடப் பெரிதாய் ஒரு ஏரி.

பனி கொஞ்சம் கிழிந்தது.
கரையில் ஆட்கள் தெரிந்தார்கள்.
"அய்யோ" என்று துள்ளினான் கரிராமன்,
"கெண்டை ஒண்ணு கால் விரலக் கடிக்குது!"

"எந்தக் கால்?"
என்று கத்தினார்கள்
சுப்பராயலுவும் தீர்த்தகிரியும்
ஒரே குரலில்.